இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள்? புரோகிராம் எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

2024 ஜனவரி 12 அன்று ஒருவர் நகையை அடகு வைக்கிறார். மார்ச் 5 அன்று மீட்க வருகிறார். எத்தனை நாளுக்கு வட்டி? நான் முதன்முதலில் காசு வாங்கிக்கொண்டு எழுதிய புரோகிராம் இந்தக் கேள்விக்காகத்தான், ஒரு சின்ன அடகுக்கடைக்கு. என் புரோகிராம் 52 என்றது. கடைக்காரர் காலண்டரைப் புரட்டி எண்ணிவிட்டு 53 என்றார். கணக்குப்பிள்ளை, "வச்ச நாளும் சேர்த்தி, 54" என்றார். அவர்கள் இருவருடைய பதிலுக்கும் நியாயம் இருந்தது. என்னுடையது மட்டும் சுத்தத் தப்பு. அந்த ஒரு நாள் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று. எங்கே போனது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கீபோர்டைத் தொடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். "இடையில் எவ்வளவு காலம்" என்று பொதுவாகக் கேட்டுவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறுவேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

கடிகாரம் எவ்வளவு ஓடியது என்பது ஒன்று. வாடகை வண்டி எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, ஒரு பைல் இறங்க எத்தனை நொடி ஆனது என்பதெல்லாம் இந்த வகை. தினசரி காலண்டரில் எத்தனை தாள் கிழித்தோம் என்பது இன்னொன்று. வட்டி, லீவு, நூலக அபராதம் எல்லாம் தாள் கணக்கு. எத்தனை மாதம், எத்தனை வருடம் நிறைந்தது என்பது மூன்றாவது. வயது, பணிக்காலம், கடன் தவணை இதில் வரும்.

நேற்று மாலை 5 மணிக்கு வைத்த நகையை இன்று காலை 10 மணிக்கு மீட்டால் கடிகாரத்தில் ஓடியது 17 மணி நேரம். காலண்டரில் கிழிந்தது ஒரு தாள். நிறைந்த நாள் என்று பார்த்தால் பூஜ்யம். மூன்றும் சரியான விடைகள்தான். உங்களுக்கு வேலை கொடுத்தவர் எதைக் கேட்கிறார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், முனை நாள்கள். விரதத்துக்கு மாலை போட்டால் போட்ட நாளே முதல் நாள். நம் ஊரில் நாள் எண்ணும் வழக்கம் பெரும்பாலும் இப்படித்தான். கழித்தல் அப்படி எண்ணாது. 5ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை லீவு என்றால் 9 - 5 = 4 என்று வரும். ஆனால் வீட்டில் இருந்தது ஐந்து நாள். ஐந்து கம்பம் நட்டால் நடுவில் நாலு இடைவெளி, அவ்வளவுதான் விஷயம். கேட்பது கம்பமா இடைவெளியா என்று தெரிந்தால் 1 கூட்டுவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். சட்டத்துக்கே இந்தக் கவலை இருந்திருக்கிறது. இந்தியாவின் பொதுப்பிரிவுகள் சட்டம், 1897, தன் 9ஆம் பிரிவில் முதல் நாளை விலக்குவதற்கு எந்தச் சொல், கடைசி நாளைச் சேர்ப்பதற்கு எந்தச் சொல் என்று பிரித்தே சொல்கிறது. மேஜர் ஆவது பற்றிய 1875ஆம் ஆண்டுச் சட்டமோ பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ணச் சொல்கிறது. ஆக, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. அடகுக்கடையில் வைத்த நாளைச் சேர்ப்பதா என்பது கடைக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. அவர் சொன்னதைப் புரோகிராமிலேயே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த "+ 1" எதற்கு என்று உங்களுக்கே மறந்துபோயிருக்கும்.

படி 2: எழுத்தாக வருவதைத் தேதியாக மாற்றுங்கள்

கம்ப்யூட்டருக்கு "05/03/2024" என்பது வெறும் பத்து எழுத்து. நமக்கு அது மார்ச் 5. அமெரிக்கருக்கு மே 3. எந்த வரிசையில் வருகிறது என்பதை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் ஸ்ட்ரிப்டைம் என்கிற ஃபங்ஷனிடம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையைக் கொடுத்துவிட்டால் மாற்றித் தந்துவிடும். "தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்று விளம்பரம் செய்யும் லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த தயார் புரோகிராம்களை, நான் நம்புவதில்லை. 13ஆம் தேதி முதல் சரியாக ஓடும், 12ஆம் தேதி வரை ஓசைப்படாமல் மாற்றிப் போடும். இந்த மாதிரித் தப்பு சோதனையில் சிக்கவே சிக்காது.

வருடத்தை நாலு இலக்கத்தில் வாங்குங்கள். இரண்டு இலக்கமாகக் கொடுத்தால் பைத்தான் 69 முதல் 99 வரை உள்ளதை 1900களிலும், 00 முதல் 68 வரை உள்ளதை 2000களிலும் வைக்கும். 65இல் பிறந்த தாத்தா 2065இல் பிறக்கப் போகிறவராக ஆகிவிடுவார். சேமித்து வைக்கும்போது 2024-03-05 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதுவது உலகத் தர முறை. அப்படி எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே இருக்கும்.

படி 3: கழித்துப் பாருங்கள்

பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் கீழே இருப்பவற்றில் டேட் போன்ற பைத்தானின் சொந்தப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். முதலில் டேட்டைம் மாட்யூலிலிருந்து டேட் என்பதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு:

வைத்த_நாள் = டேட்(2024, 1, 12)
மீட்ட_நாள் = டேட்(2024, 3, 5)
இடைவெளி = மீட்ட_நாள் - வைத்த_நாள்

ஜனவரி என்பதற்காக 01 என்று அடித்துவிடாதீர்கள். முன்னால் பூஜ்யம் போட்டால் பைத்தான் 3 ஏற்காது, சிவப்பில் திட்டும். கிடைக்கும் இடைவெளி வெறும் எண் அல்ல, டைம்டெல்டா என்கிற ஒரு பொருள். அதன் டேஸ் என்ற பகுதியைக் கேட்டால் 53 வரும்.

சரிதானா என்று கையால் பார்த்துவிடுவோம். ஜனவரி 12 என்பது வருடத்தின் 12ஆவது நாள். மார்ச் 5 என்பது 31 + 29 + 5, அதாவது 65ஆவது நாள். 65இல் 12 போனால் 53. பிப்ரவரிக்கு 29 போட்டது 2024 லீப் வருடம் என்பதால். இதே தேதிகள் 2023இல் என்றால் 52தான். லீப் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நாலால் வகுபட வேண்டும், நூறால் வகுபட்டால் கூடாது, நானூறால் வகுபட்டால் மறுபடி உண்டு. 2000 லீப் வருடம். 1900 அல்ல, 2100உம் அல்ல. இதை நீங்களே எழுத வேண்டியதில்லை, லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

உள்ளே நடப்பது எளிமையான வேலை. ஏதோ ஒரு தொடக்க நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டால் தேதிக் கழித்தல் வெறும் எண் கழித்தல் ஆகிவிடும். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் கலிதினமும் இதே உத்திதான். பைத்தான் முதலாம் ஆண்டு ஜனவரி 1ஐ 1 என்று வைத்துக்கொள்கிறது. எக்செல் 1900 ஜனவரி 1ஐ 1 என்கிறது. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்தவை 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளை எண்ணுகின்றன. அந்த நொடிகளை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பிவிடும்.

படி 4: நேரமும் சேர்ந்து வந்தால்

டேட்டுக்குப் பதில் டேட்டைம் என்று எடுத்தால் மணி, நிமிடமும் கூட வரும். புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். ஜனவரி 12 மாலை 5 மணியை ஜனவரி 13 காலை 10 மணியிலிருந்து கழித்தால் டேஸ் என்ன தரும்? பூஜ்யம். 24 மணி நேரம் நிறையவில்லையே. தாள் கணக்கு வேண்டுமென்றால் கழிப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் நேரத்தை வெட்டிவிட்டு, தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகு வெட்டினால் பயனில்லை.

அதே போல, இடைவெளி 1 நாள் 2 மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் எத்தனை நொடி என்று பார்க்க செகண்ட்ஸ் என்று கேட்டால் 7200 என்று வரும். அது நாள் போக மிச்சம் இருக்கும் நொடி மட்டும். முழுக் கணக்கு வேண்டுமானால் டோட்டல் செகண்ட்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், 93600 கிடைக்கும். இரண்டும் பெயரில் ஒன்றுபோல் இருப்பதால் சோதிக்கும்போது கண்ணில் படாது, ஒரு நாளுக்குள் முடியும் எல்லா உதாரணங்களுக்கும் சரியாகவே ஓடும்.

தேதிகளைத் தலைகீழாகக் கழித்துவிட்டால் இன்னொரு வேடிக்கை. மைனஸ் 17 மணி நேரம் வர வேண்டிய இடத்தில் "மைனஸ் 1 நாள், 7 மணி நேரம்" என்று காட்டும். தப்பில்லை: ஒரு நாள் பின்னால் போய் ஏழு மணி நேரம் முன்னால் வந்தால் அதே இடம்தான். ஆனால் டேஸ் மட்டும் எடுத்தால் மைனஸ் 1 வந்து குழப்பும். எது முந்தைய தேதி என்பதை முதலிலேயே ஒரு இஃப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் புரோகிராம் ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க மட்டும் தேதியையே தொடாதீர்கள். கம்ப்யூட்டரின் கடிகாரம் இணையத்தைப் பார்த்து அவ்வப்போது தன்னைத் திருத்திக்கொள்ளும், சில சமயம் பின்னாலும் போகும். அதற்கென்று மோனோடோனிக் என்று ஒரு தனிக் கடிகாரம் பைத்தானின் டைம் மாட்யூலில் இருக்கிறது. முன்னால் மட்டுமே ஓடும்.

காணாமல் போன என் ஒரு நாள்

அடகுக்கடைப் புரோகிராமை நான் எழுதியது ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியில். வைத்த நாள் பார்மில் இருந்து "2024-01-12" என்று எழுத்தாக வந்தது. மீட்ட நாளை நானே 2024, 2, 5 என்று மூன்று எண்களாகக் கொடுத்தேன். மார்ச்சுக்கு ஏன் 2 என்றால், ஜாவாஸ்கிரிப்டின் பழைய டேட்டில் மாதங்கள் பூஜ்யத்தில் தொடங்கும், நாள்கள் மட்டும் ஒன்றில் தொடங்கும். அதைக்கூடச் சரியாகச் செய்துவிட்டேன்.

கோளாறு வேறு இடத்தில். தேதி மட்டும் உள்ள எழுத்தைக் கொடுத்தால் அதை உலகப் பொது நேரத்து (யுடிசி) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அது இந்தியாவில் காலை 5:30. எண்களாகக் கொடுத்தால் உள்ளூர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். ஆக, என் வைத்த நாள் காலை 5:30க்குத் தொடங்கியது, மீட்ட நாள் ராத்திரி 12க்குத் தொடங்கியது. கழித்தால் 52 நாள் 18½ மணி நேரம். ஒரு நாளின் 8,64,00,000 மில்லி நொடியால் வகுத்தால் 52.77. பின்னத்தைக் கீழே தள்ளச் சொல்லியிருந்தேன். 52! ஒரு நாள் வட்டி கடைக்காரருக்கு நஷ்டம்.

ரவுண்ட் போட்டிருந்தால் 53 வந்திருக்கும், நானும் கண்டுகொள்ளாமல் போயிருப்பேன். சரியான மருந்து அதுவல்ல. இரண்டு தேதியையும் ஒரே வழியில் உருவாக்க வேண்டும். தாள் கணக்குக்கு டேட் யுடிசி என்கிற ஃபங்ஷனைக் கொண்டு இரண்டையும் பொது நேரத்திலேயே உருவாக்கினால் ஒவ்வொரு நாளும் சரியாக 24 மணி நேரம் இருக்கும், மிச்சம் விழாது.

படி 5: மாதமும் வருடமும்

நாளுக்கு நிலையான அளவு உண்டு என்று ஓரளவுக்குச் சொல்லலாம். மாதத்துக்குக் கிடையாது. நம் நகை உதாரணத்தில் 53ஐ முப்பதால் வகுத்தால் 1 மாதம் 23 நாள். காலண்டர்படி ஜனவரி 12இலிருந்து பிப்ரவரி 12 ஒரு மாதம், அங்கிருந்து மார்ச் 5 வரை 22 நாள். வட்டிக்கு எது என்பதை மறுபடியும் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால்? ஜாவா மொழியின் பிளஸ்மன்த்ஸும் பைத்தானில் தனியாக நிறுவிக்கொள்ளும் டேட்யூட்டில் லைப்ரரியும் 2024இல் பிப்ரவரி 29 என்று தரும். ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் மாற்றினால் "பிப்ரவரி 31" என்று நினைத்து வழிந்தோடி மார்ச் 2இல் போய் நிற்கும். தவணைத் தேதிகள் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 29 வந்த பிறகு அதிலிருந்து இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 29தான் வரும், 31க்குத் திரும்பாது. ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே கூட்டுங்கள்: ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று.

வயதுக் கணக்கில் நான் பார்த்த புதியவர்களில் பாதிப் பேர் நாள்களை 365ஆல் வகுக்கிறார்கள், மீதிப் பேர் 365.25ஆல். இரண்டும் தப்பு. 2001 மார்ச் 1 அன்று பிறந்த ஒரு பெண் 2019 மார்ச் 1 அன்று வந்து நிற்கிறாள். இன்று அவளுக்கு 18. இடையில் 6574 நாள். 365.25ஆல் வகுத்தால் 17.999, முழு எண்ணாக்கினால் 17. பிறந்தநாள் அன்றே அவளைத் திருப்பி அனுப்பிவிடும் உங்கள் புரோகிராம். 365ஆல் வகுத்தால் நாலு நாள் முன்னதாக, பிப்ரவரி 25 அன்றே 18 என்று உள்ளே விட்டுவிடும்.

சரியான வழியை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். "முப்பது முடிஞ்சு முப்பத்தொண்ணு நடக்குது" என்பார்களே, அந்த "முடிந்தது"தான் நமக்கு வேண்டியது. இந்த வருடத்தில் பிறந்த வருடத்தைக் கழியுங்கள். இந்த வருடப் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் 1 குறையுங்கள். பிறந்தநாள் வந்ததா என்று பார்க்க மாதத்தையும் நாளையும் ஒரு ஜோடியாக வைத்து ஒப்பிட்டால் போதும்: இன்றைய (மாதம், நாள்) ஜோடி பிறந்த ஜோடியைவிடச் சிறியதா என்று. பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கும் இது உடையாது, லீப் அல்லாத வருடங்களில் மார்ச் 1 அன்று வயது ஏறும். ரீப்ளேஸ் போட்டு வருடத்தை மட்டும் மாற்றப் பார்த்தால்தான் 2023இல் பிப்ரவரி 29 இல்லை என்று பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

"நடக்கிற" கணக்கைத் தருபவையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் டேட்டிஃப் என்பதிடம் 2023 டிசம்பர் 31க்கும் 2024 ஜனவரி 1க்கும் எத்தனை வருடம் என்று கேளுங்கள். 1 என்று சொல்லும். வருடத்தின் எல்லையை எத்தனை முறை தாண்டினோம் என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. இன்னொரு தரவுத்தள மென்பொருளான மை எஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் டிஃப் நிறைந்த வருடத்தைத் தரும். இன்னொரு வம்பு: மை எஸ்க்யூஎல்லின் டேட்டிஃப்பில் பிந்தைய தேதி முதலில் வர வேண்டும், மைக்ரோசாஃப்ட்டில் முந்தைய தேதி முதலில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மைனஸ் வந்தால் இங்கே பாருங்கள்.

படி 6: நேர மண்டலம்

இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் புரோகிராம் என்றால் இந்தப் பகுதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் 5:30ஐக் கையால் கூட்டிக் கழிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி 6:30 ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி மறுபடி 5:30க்கு வந்தார்கள். சிங்கப்பூரில் 1981 டிசம்பர் 31 இரவு 11:30 அடித்ததும் நேராக 1982 பிறந்துவிட்டது, அரை மணி நேரத்தைத் தாண்டிக் குதித்தார்கள். சமோவா ஒரு படி மேலே போய் 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டது. இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க ஒரு பொதுத் தரவுத்தளம் உண்டு. அதில் "ஏசியா/கொழும்பு", "ஏசியா/கோல்கட்டா" என்று ஊர்ப் பெயரில் மண்டலங்கள் இருக்கும். பைத்தான் 3.9 முதல் ஸோன்இன்ஃபோ என்ற மாட்யூல் அதைப் படிக்கும். விண்டோஸில் டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜைக் கூடவே நிறுவ வேண்டியிருக்கும்.

ஒரு பொறி மட்டும் சொல்கிறேன், அனுபவஸ்தர்களே இதில் விழுவார்கள். நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று கோடைகால நேரம் தொடங்கியது, அதிகாலை 2 மணி 3 ஆனது. மார்ச் 9 நண்பகலிலிருந்து மார்ச் 10 நண்பகல் வரை உண்மையில் ஓடியது 23 மணி நேரம். இரண்டுக்கும் நியூயார்க் மண்டலம் கொடுத்துப் பைத்தானில் கழித்தால் 24 என்று சொல்லும். மண்டலம் இரண்டு பக்கமும் ஒன்றே என்றால் அது சுவர்க் கடிகார எண்களை மட்டும் கழிக்கிறது. ஓடிய நேரம் வேண்டுமென்றால் இரண்டையும் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

எக்செலில்

ஒரு செல்லிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதும். விடை 53 வரவேண்டிய இடத்தில் 22-02-1900 என்று காட்டினால் பயப்படாதீர்கள், அது 53ஆவது நாள். செல்லின் வடிவத்தை நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் 1900ஐ லீப் வருடமாகவே வைத்திருக்கிறது, ஆகவே 1900 மார்ச்சுக்கு முந்தைய தேதிகளை அதில் நம்பாதீர்கள். வேலை நாள்களை எண்ணும் நெட்வொர்க்டேஸ் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும். பைத்தானின் நம்பை என்ற லைப்ரரியில் உள்ள பஸ்டே கவுன்ட் கடைசி நாளை விட்டுவிடும். பொங்கல், ரம்ஜான் விடுமுறைப் பட்டியலை இரண்டுக்குமே நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

படி 7: இந்தத் தேதிகளைக் கொடுத்துச் சோதியுங்கள்

ஒரே நாளை இரண்டு பக்கமும் கொடுங்கள், பூஜ்யமா ஒன்றா என்று படி 1இல் எடுத்த முடிவுபடி வர வேண்டும். டிசம்பர் 31க்கும் ஜனவரி 1க்கும் ஒரு நாள். பிப்ரவரி 28க்கும் மார்ச் 1க்கும் 2023இல் ஒரு நாள், 2024இல் இரண்டு நாள். ஜனவரி 31உடன் ஒரு மாதம், இரண்டு மாதம். பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு பிப்ரவரி 28 அன்றும் மார்ச் 1 அன்றும் வயது. தலைகீழ் வரிசையில் ஒரு ஜோடி. கம்ப்யூட்டரின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி வைத்துவிட்டு இவை அத்தனையும் இன்னொரு தடவை. நான் அன்று இந்தக் கடைசிச் சோதனையைச் செய்திருந்தால் 52க்குப் பதில் 53 வந்திருக்கும், மண்டலத்தை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது என்று அப்போதே பிடிபட்டிருக்கும். பிறகு திருத்திய புரோகிராமைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். ஜனவரி 12, மார்ச் 5 என்று அவரே அடித்துப் பார்த்தார். 53 வந்தது. கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, "சரி, 54ஆவே போடு" என்றார்.